நயிம் சுலேமானோலு

நயிம் சுலேமானோலு (1967–2017): பல்கேரியாவில் பிறந்து துருக்கிக்காக விளையாடிய பளுதூக்கும் வீரர். அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். உலகச் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை பெற்றவர். சுமார் 1.47 மீட்டர் உயரமே இருந்ததால் ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ எனப் பெயர் பெற்றார்.

இளமை
தெற்கு பல்கேரியாவின் கர்ஜாலி வட்டாரத்திலுள்ள ப்டிச்சார் என்னும் சிற்றூரில், துருக்கிய சிறுபான்மைக் குடும்பத்தில் 1967 ஜனவரி 23 அன்று பிறந்தார். 16 வயதிலேயே உலக சாதனை படைத்தார். 1983 மாஸ்கோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். தன் உடல் எடையைப் போல் மும்மடங்கு பளுவைத் தலைக்கு மேல் தூக்கிய முதல் வீரர் பல்கேரியாவின் ஸ்டெஃபான் டோபுரோவ். 1984இல் சுலேமானோலுவும் அந்த எல்லையை எட்டினார். ஆனால் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அணி நாடுகள் புறக்கணித்தன. பல்கேரியாவும் செல்லாததால் அவருடைய வாய்ப்பு பறிபோனது.

பெயர் மாற்றமும் தப்பித்தலும்
1984–85இல் பல்கேரியாவின் கம்யூனிச அரசு துருக்கியர்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றியது. பொது இடங்களில் துருக்கி மொழி பேசவும் தடை விதித்தது. நயிம், ‘நாவும் ஷாலமானோவ்’ ஆக்கப்பட்டார். 1986இல் உலகப் பட்டம் வென்றபோதும் அந்தப் பெயரே பதிவாயிற்று. தன் மக்களின் அடையாளத்தை அழித்த அரசுக்காகப் பதக்கம் வெல்ல அவர் விரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மெல்போர்னில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின்போது அணியிலிருந்து தப்பித் துருக்கியிடம் அடைக்கலம் கேட்டார். பிரதமர் துர்குட் ஓசால் அவரை நாட்டுக்கு வரவழைத்தார். நாடு மாறிய வீரர் உடனே ஒலிம்பிக்கில் களமிறங்க விதி இடம் தரவில்லை. பல்கேரியாவின் சம்மதத்தைப் பெற, துருக்கி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகக் கூறப்படுகிறது.

ஒலிம்பிக் வெற்றிகள்
1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தூக்கும்) முறையில் 152.5 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க் (இரு கட்டமாகத் தூக்கும்) முறையில் 190 கிலோவும் தூக்கினார். மொத்தம் 342.5 கிலோ. இது அடுத்த பெரிய எடைப்பிரிவில் தங்கம் வென்றவர் தூக்கியதைவிட 2.5 கிலோ அதிகம். 30 கிலோ பின்தங்கி வெள்ளி பெற்றவர், முன்னாள் அணித்தோழர் டோபுரோவ். துருக்கிக்கு 1968க்குப் பின் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் இது. மல்யுத்தம் அல்லாத விளையாட்டில் அந்நாடு பெற்ற முதல் தங்கமும் இதுவே. பல்கேரியத் துருக்கியர்களின் அவலத்தை உலகம் கவனிக்க அவருடைய புகழ் பெரிதும் உதவியது. 1989இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கேரியாவை விட்டுத் துருக்கிக்கு வெளியேறினர்.

1992 பார்சிலோனாவில் 320 கிலோவுடன் தங்கத்தைத் தக்கவைத்தார். 1996 அட்லாண்டாவில் 64 கிலோ பிரிவில் கிரீஸ் வீரர் வலேரியோஸ் லியோனிடிஸ் கடும் போட்டியளித்தார். கடைசி முயற்சியில் லியோனிடிஸால் 190 கிலோவைத் தூக்க முடியாமல் போக, 335 கிலோவுடன் சுலேமானோலு வென்றார். பளுதூக்குதலில் மூன்று ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் வீரர் அவரே.

இறுதிக்காலம்
2000 சிட்னி ஒலிம்பிக்கில் 145 கிலோவை ஸ்னாட்ச் முறையில் தூக்கச் செய்த மூன்று முயற்சிகளும் தோல்வியடைந்தன. அத்துடன் அவருடைய ஒலிம்பிக் பயணம் முடிந்தது. கல்லீரல் நோயால் பாதிக்கப்பட்டு, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் 2017 நவம்பர் 18 அன்று இஸ்தான்புல்லில் காலமானார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் துருக்கியத் திரைப்படம் 2019இல் வெளியானது.