பழைய டைப்ரைட்டர்: எது பொக்கிஷம், எது பழைய இரும்பு?

பரண் ஒழிக்கும்போது தாத்தா காலத்து டைப்ரைட்டர் ஒன்று கிடைத்தால் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகும். ஒரு கட்சி, "லட்சக்கணக்கில் போகும்" என்னும். மற்றது, "காயலான் கடைக்குப் போடு" என்னும். இரண்டுமே அவசர முடிவுதான். பழைய டைப்ரைட்டர்களைச் சேகரிப்பவர்கள் எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் விதி: வயது மட்டும் விலை ஆகாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் குழுவினர் உருவாக்கிய இயந்திரத்தை, துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 125 டாலர். பெரிய எழுத்துகள் மட்டுமே அடிக்கும். அடிப்பது என்ன என்று அடிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அன்று மந்தமாக விற்றது. குறைவாக விற்றதால்தான் இன்று சேகரிப்பாளர்கள் அதற்குத் தவம் கிடக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர், 1900-ல் வந்த அண்டர்வுட் 5. அடிக்கும் எழுத்து உடனே கண்ணில் படும். அடுத்து வந்த மற்ற நிறுவனங்கள் பின்பற்றிய அமைப்பு அதுதான். ஆனால் பல லட்சம் விற்றதால், நூறு வயதைத் தாண்டியும் அதற்குப் பெரிய விலை இல்லை. வணிகவியல் முதலாண்டில் படித்த தேவை, அளிப்புப் பாடம்தான் இது!

இரண்டாவது விதி: யார் கை பட்டது என்பது. அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி, அடகுக் கடையில் 50 டாலருக்கு வாங்கிய ஒலிவெட்டி லெட்டேரா 32-ல் பல ஆண்டுகள் எழுதினார். 2009-ல் அது ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போனது. அதற்குப் பதிலாக அவருடைய நண்பர் வாங்கித் தந்த அதே மாடல் இயந்திரத்தின் விலை 20 டாலருக்கும் குறைவு!

இனி நம் கதை. தமிழ் டைப்ரைட்டருக்கு வழிகாட்டியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர்.முத்தையா. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது சாதாரண வேலையா? நகராத விசை என்ற ஏற்பாடு கைகொடுத்தது. புள்ளியை அடித்தால் உருளை நகராது. அடுத்து எழுத்தை அடித்தால், புள்ளி அதன் தலையில் சரியாக அமரும். அவர் வடிவமைத்த இயந்திரங்கள் ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தன.

1955-ல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் தயாரிக்கத் தொடங்கியது. தாலுகா அலுவலகம், கோர்ட்டு வாசல், தெருமுனை இன்ஸ்டிடியூட் எங்கும் அந்தச் சத்தம்தான். லோயர், ஹையர் பாஸ் செய்த சான்றிதழ் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வீட்டைத் தாண்டி வேலைக்குப் போகப் பல பெண்களுக்கு முதல் கதவைத் திறந்ததும் அதுதான். 2009-ல் கோத்ரெஜ் அலுவலக டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்தியது.

அலுவலகக் கணக்கில் இத்தகைய இயந்திரங்கள் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்பட்டு, கடைசியில் ஒரு ரூபாய் மதிப்பில் நிற்கும். பிறகு எடைக்குப் போகும். ஆங்கில இயந்திரம் போனால் பாதகமில்லை; உலகம் முழுக்க அவற்றைச் சேகரிக்க ஆள் இருக்கிறது. தமிழ் விசைப்பலகைக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டுச் சந்தையில் விலை இல்லாததாலேயே அது வேகமாக உருகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பரணில் டைப்ரைட்டர் இருந்தால் முதலில் விசைகளைப் பாருங்கள். தமிழ் எழுத்து இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். உடலில் பொறித்த வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் இயந்திரங்களுக்கு அதை வைத்தே தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். துருவைச் சுரண்டவோ, புது பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். யார் வாங்கியது, எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். காயலான் கடைக்காரர் இரும்புக்குத்தான் எடை போடுவார். அந்தத் தாளில் இருப்பதை எடை போட அவரிடம் தராசு கிடையாது.