தஞ்சோங் பகாரில் எழுந்த தமிழ்ப் பள்ளி

ஜகாத்தும் சதக்காவும் அன்றைய பசியைத் தீர்க்கும். அடுத்த தலைமுறையின் வறுமையைத் தீர்க்க நம் சமுதாயத்தார் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்த வரலாற்றை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்த தமிழ் முஸ்லிம்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். கடையநல்லூர் நெசவாளர் குடும்பங்களோ மனைவி மக்களோடு வந்து, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள்; பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள்.

பிள்ளைகள் இங்கேயே வளர்ந்ததால் அவர்களுக்குப் படிப்பும் இங்கேயே தேவைப்பட்டது. 1941இல் தோன்றிய சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் இயற்றிய புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியதால் மாணவர் குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. லிட்டில் இந்தியாவை அடுத்த பியட்டி ரோட்டில் இயங்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று மெண்டாக்கியும் சிண்டாவும் துணை நிற்கின்றன. ஆயினும் அண்டை வீட்டுப் பிள்ளையின் படிப்பு தடைப்படுவதை முதலில் அறிபவர்கள் நாம்தான். கையில் மிச்சமில்லாத காலத்திலேயே அவர்கள் பள்ளி கட்டினார்கள். வசதி பெற்றுவிட்ட நாம் என்ன செய்யப் போகிறோம்?