சாளரத்தருகே ஒரு கலைஞன்: றெம்பிராண்டின் 1648ஆம் ஆண்டு அச்சோவியம்

ஓவியர்கள் தம்மையே வரைந்துகொண்ட படங்களை வரலாற்று மாணவர் பெரும்பாலும் முகச்சாயலுக்கான சான்றாகவே கொள்வர். உருவம் எவ்வாறு அமர்த்தப்பட்டுள்ளது, ஒளி எதன்மீது வீழ்கின்றது என்பனவும் சான்றுகளே. ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் 1648இல் ஆக்கிய, சாளரத்தருகே அமர்ந்து தொழில்செய்யும் தன்னுருவ அச்சோவியத்தை இந்நோக்கில் ஆராயலாம்.

1639இலும் அவர் தம்மைச் செப்புத் தகட்டிற் பொறித்திருந்தார். அதிலே பழங்காலப் பகட்டுடை, சரிந்த தொப்பி, கற்றிட்டின்மீது ஊன்றிய கை. றஃபாயேலும் திசியனும் வரைந்த கனவான்களின் தோரணை அது. அவ்வாண்டிலேதான் அம்ஸ்ரர்டாமிற் பெரிய வீடொன்றையும் வாங்கினார். 1642இல் மனைவி சஸ்கியா இறந்தார். 1648ஆம் ஆண்டுப் படத்தின் எளிய உடைக்கு அத்துயரையே காரணமாகக் கூறிவிடுவது எளிது. எனினும், படத்தின் அமைப்பே வேறொரு விளக்கத்தைத் தருகின்றது.

மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் நேராக நம்மைப் பார்க்கிறார். உண்மையில் அவர் பார்ப்பது நம்மையன்று; கண்ணாடியை. அக்கண்ணாடி இருந்த இடத்திலேயே நாம் நிற்கின்றோம். ஆகவே அப்பார்வையில் வரவேற்பு இல்லை; அளவெடுக்கும் கூர்மையே உண்டு. கையிலிருப்பது ஊசியா, வரைகோலா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. எதுவாயினும், இடப்பக்கச் சாளரத்தின் ஒளி முகத்தின் ஒரு பாதியையும், கழுத்தோரத்து வெள்ளைத் துணியையும், தொழில்செய்யும் கையையும் தொட்டுச் செல்கின்றது. எஞ்சிய உடலும் அறையும் ஒன்றையொன்று வெட்டும் நெருங்கிய கோடுகளுள் அமிழ்ந்துள்ளன. 1639இல் ஆடைக்குக் கிடைத்த சிறப்பு இங்கே கண்ணுக்கும் கைக்கும் உரியதாகிவிட்டது.

அச்சுக்கலையின் இயல்பொன்றை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். மெழுகுப்பூச்சின்மீது ஊசியாற் கீறிய இடத்தையே அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்திலேயே மை தங்கும். எனவே ஒளியை வரைய முடியாது, விட்டுவைக்கவே முடியும். முந்திய நிலைப் படிகளிற் சாளரம் ஏறத்தாழ வெறுந்தாளே. படத்தில் மிகப் பிரகாசமான இடம் கலைஞரின் கை படாத இடமாகும்.

தகட்டைத் திருத்தித் திருத்தி அச்சிடுவது அவர் வழக்கம். ஆனால் பிந்திய நிலையொன்றிற் சாளரத்தின் வெளியே நிலக்காட்சியொன்று புகுந்துவிடுகின்றது. அது அவர் கைவேலைதானா என்ற ஐயமும் உண்டு. பாடபேதங்களை ஒப்பிடாது செய்யுளுக்கு உரை காண நாம் துணிவதில்லை. ஓவியத்தில் மட்டும், நூலில் எந்நிலைப் படி அச்சாகியிருக்கின்றது என்று கேளாமலே விளக்கம் எழுதிவிடுகின்றோம். இங்கே வேறுபாடு சிறிதன்று. நிலக்காட்சி வந்ததும் ஒளியின் ஊற்றாயிருந்த சாளரம் வேடிக்கை பார்க்கும் சாளரமாகிவிடுகின்றது. நம் கண்ணும் மேசையை விட்டு வெளியே செல்கின்றது. முந்திய படிகளிலோ செல்வதற்கு வெளி இல்லை. வெண்மையிற் கூசிய கண் மீண்டும் அந்த முகத்துக்கும் கைக்குமே திரும்புகின்றது.