சரிவின் காரணம் எங்கே? கல்கத்தா மொகமடன் கழகமும் அக்காலப் பத்திரிகைகளும்

ஒரு கழகம் தொடர்ந்து பல ஆண்டுகள் வெற்றியீட்டும்போது அதனை வானளாவப் புகழும் பத்திரிகைகள், அது ஒரு பருவத்தில் தடுமாறியதும் அதன் அந்திமக் காலத்துக்கு நாட்குறித்து விடுகின்றன. அணிக்குள் பூசல், நிருவாகிகளிடையே பிளவு, மூத்தோர்க்கும் இளையோர்க்கும் பகை என்றவாறு செய்திகள் அடுக்கடுக்காய் வெளிவரும். இரசிகரும் இரு கூறாகப் பிரிவர். ஒரு சாரார் அச்செய்திகளை வேதவாக்காகக் கொள்வர். மறு சாரார் அவை யாவும் எதிர்ப்பக்கத்தாரின் சூழ்ச்சி என்பர். 1993 முதல் 2013 வரை 13 முறை இங்கிலாந்தின் பிறீமியர் லீக் கிண்ணத்தை வென்ற மஞ்செஸ்ரர் யுனைற்றெட் கழகம், முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன் ஓய்வுபெற்ற பின்னர் தளர்வுற்றமை பற்றிக் கொட்டாஞ்சேனைத் தேநீர்க் கடைகளிலும் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் நிகழும் வாதங்கள் இத்தகையனவே.

இவ்வாதம் புதியதன்று. 1930களில் கல்கத்தா நகரம் இதே வாதத்தில் மூழ்கிக் கிடந்தது. ஆயின் அங்கு ஒரு கழகத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வாகவே எழுதப்பட்டது, வாசிக்கவும் பட்டது. மொகமடன் ஸ்போட்டிங் கழகம் பற்றி அக்காலப் பத்திரிகைகள் கூறியவை எத்துணை உண்மையாயின, அக்கழகத்தின் மெய்யான சரிவு எங்கிருந்து வந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றியின் அடிப்படை

கல்கத்தா உதைபந்தாட்ட லீக் போட்டி 1898 இல் ஆரம்பமாயிற்று. அன்றுதொட்டு 1933 வரை அதன் முதலாம் பிரிவில் முதலிடம் பெற்றவை யாவும் பிரித்தானியப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களுமே. 1931, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டர்ஹம் இலகு காலாட்படையினரே வாகை சூடினர். 1911 இல் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை வென்று இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தைக் கைப்பற்றியிருந்தது. அவ்வெற்றியைக் கல்கத்தா முஸ்லிம்களும் தம் வெற்றியாகவே கொண்டாடினர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும், ஒரு பருவம் முழுவதும் நீடிக்கும் லீக் போட்டி இந்தியர்க்கு எட்டாக் கனியாகவே இருந்து வந்தது.

1891 இல் நிறுவப்பட்ட மொகமடன் கழகம், இரண்டாம் பிரிவிலிருந்து உயர்ந்து 1934 இல் முதலாம் பிரிவிற் காலடி வைத்தது. அம்முதற் பருவத்திலேயே அது லீக் போட்டியை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. அதனைத் தொடர்ந்து 1938 வரை ஐந்தாண்டுகள் முதலிடம் அதனை விட்டு நீங்கவில்லை. 1936 இல் கேடயமும் அதன் வசமாயிற்று. காஸி நஸ்ருல் இஸ்லாம் போன்ற பெருங்கவிஞரே அக்கழகத்தின் வெற்றியைப் பாடினார் என்றால், அது வங்காள மக்களிடையே எழுப்பிய உணர்ச்சியை ஒருவாறு ஊகிக்கலாம்.

இவ்வெற்றிக்குரிய காரணங்களில் மறைபொருள் எதுவுமில்லை. முதலாவது, ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த முறை. ஏனைய இந்தியக் கழகங்கள் பெரும்பாலும் வங்காள இளைஞரையே நம்பியிருந்த காலத்தில், மொகமடன் கழகம் வடமேற்கே குவெட்டா முதல் தெற்கே பெங்களூர் வரை ஆட்டக்காரரைத் தேடிச் சேர்த்தது. ஜும்மா கான், ஹாபிஸ் ரஷீத், அப்பாஸ் மிர்சா, முகமது சலீம் முதலியோர் ஓரணியில் ஒன்றுசேர்ந்தனர். இரண்டாவது, காலணி. கல்கத்தாவின் உதைபந்தாட்டப் பருவம் மழைப்பருவத்தோடு இணைந்தது. வறண்ட தரையில் வெறுங்காலுடன் சிறப்பாக ஆடிய இந்திய அணிகள், மைதானம் சேறானதும் காலணி அணிந்த படைவீரர்க்கு ஈடுகொடுக்க மாட்டாது வழுக்கி வீழ்ந்தன. மொகமடன் கழகத்தார் ஈரத்தரையிற் காலணி அணிந்து ஆடப் பயின்றனர். அதே கழகத்தின் சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்து சென்று, செல்ரிக் கழகத்துக்காக வெறுங்காலுடன் ஆடிப் புகழ்பெற்றதனை நோக்கின், காலணி அணிவதா விடுவதா என்பது தரையின் தன்மையறிந்து எடுக்கப்பட்ட முடிவே என்பது புலனாகும். மூன்றாவது, செல்வரும் அரசியல் தலைவரும் அளித்த பேராதரவு. இம்மூன்றும் சமயத்தோடு தொடர்பற்றவை; திட்டமிட்ட உழைப்போடு தொடர்புடையவை.

பத்திரிகைகளின் பார்வை

ஆனால் பத்திரிகைகள் இவற்றை விடுத்து வேறொன்றைக் கண்டன. அதற்குக் காலத்தின் போக்கும் காரணமாகும். 1932 இல் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு, சட்டசபை ஆசனங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்டது. 1937 இல் பஸ்லுல் ஹக் தலைமையிலான மந்திரிசபை வங்காளத்திற் பதவியேற்றது. மாகாணத்திற் பெரும்பான்மையினராயும் கல்கத்தா நகரிற் சிறுபான்மையினராயும் இருந்த முஸ்லிம்களுக்கு, மைதானத்து வெற்றி தம் புதிய அரசியல் நிலையின் அடையாளமாகத் தோன்றியமை இயல்பே. முஸ்லிம் வாசகரைக் கருதி வெளிவந்த 'ஸ்டார் ஒப் இந்தியா', 1936 இல் தொடங்கிய 'ஆசாத்' முதலிய ஏடுகள் கழகத்தின் வெற்றியைச் சமூகத்தின் எழுச்சியாகவே எழுதின. தோல்வி நேர்ந்தபோது மத்தியஸ்தரின் ஓரவஞ்சனையையும் உதைபந்தாட்டச் சங்கத்தின் பாரபட்சத்தையும் சாடின. மறுபுறத்தே, தேசிய இயக்கத்தைச் சார்ந்த ஏடுகள் 1934 இல் ஆங்கிலேயரை வென்ற இந்தியரென இக்கழகத்தை வரவேற்றபோதிலும், நாளடைவில் அதனை வகுப்புவாதத்தின் வடிவமாகச் சித்திரிக்கலாயின. 'அமிர்த பஜார் பத்திரிகா' போன்ற ஏடுகள் அக்கழகத்தின் போக்கைக் கடிந்துரைத்தன.

இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தனர் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. கழகமென்பது பதினொரு ஆட்டக்காரர் அன்று, அது ஒரு சமூகமே என்ற எண்ணத்தை இருவரும் ஐயுறவின்றி ஏற்றனர். ஒருவர் அதனைப் போற்றினார். மற்றவர் அதனைப் பழித்தார். எடுகோள் ஒன்றே. வாசகரோ தத்தம் பத்திரிகையைக் கையிலேந்திக் கொண்டு மைதானத்திலும் தேநீர்க் கடையிலும் வாதிட்டனர். மற்றவரின் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

1939: உரைகல்லான ஆண்டு

1939 இல் இப்பகைமை உச்சம் பெற்றது. உதைபந்தாட்டச் சங்கத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் மொகமடன் கழகம் லீக் போட்டியிலிருந்து விலகிற்று. மோகன் பகான் அவ்வாண்டு முதன்முறையாக லீக் போட்டியை வென்றது. ஐந்தாண்டு ஆட்சி முடிந்தது, தோல்விக்கு அஞ்சியே கழகம் விலகியது என்பது ஒரு கட்சி. சமூகப் பகைமையே கழகத்தை வெளியேற்றியது என்பது மறு கட்சி.

இவ்விரு கூற்றுக்களையும் நிகழ்ச்சிகளைக் கொண்டு உரைத்துப் பார்த்தல் வேண்டும். சரிவு என்ற கூற்றை அடுத்த ஆண்டே பொய்ப்பித்தது. 1940 இல் மொகமடன் கழகம் லீக் போட்டியை மீண்டும் வென்றது. பம்பாயில் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. தில்லியில் றோயல் வோரிக்ஷயர் படைப்பிரிவை வீழ்த்தி, 1888 முதல் நடைபெற்றுவந்த டியுரண்ட் கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் இந்தியக் கழகமென்ற பெருமையையும் பெற்றது. 1941 இல் லீக் போட்டியும் கேடயமும், 1942 இல் மீண்டும் கேடயமும் அதற்கே உரியவாயின. அந்திமக் காலம் என எழுதப்பட்டது உண்மையில் அதன் உச்சக் காலத்தின் நடுப்பகுதியே.

சமூகப் பகைமை என்ற கூற்றும் முழுமையாக நிலைக்கவில்லை. 1939 இல் சங்கத்தோடு பிணங்கி விலகியது மொகமடன் கழகம் மாத்திரமன்று. ஈஸ்ட் பெங்கால் கழகமும் விலகிற்று. 1920 இல் நிறுவப்பட்ட ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த இந்துக்களைப் பெரும்பாலும் ஆதரவாளராகக் கொண்ட கழகம். ஆகவே, சங்கத்தின் நிருவாகம் பற்றிய குறை இந்து முஸ்லிம் பேதமின்றிக் கழகங்கள் சிலவற்றுக்குப் பொதுவாயிருந்தது என்பது தெளிவு. அக்குறையை அவ்வாறே எழுதியிருப்பின் அது நிருவாகச் சீர்திருத்தம் பற்றிய விவாதமாக வளர்ந்திருக்கும். சமூகப் பகையென எழுதப்பட்டதனால் அது வேறொரு தீக்கு விறகாயிற்று.

மெய்யான சரிவு

கழகத்தின் சரிவு பின்னர் வரவே செய்தது. ஆயின் அது பத்திரிகைகள் தேடிய இடத்திலிருந்து வரவில்லை. 1946 ஆகஸ்ட் 16 ஆம் நாள் முஸ்லிம் லீக்கின் நேரடி நடவடிக்கை தினத்தன்று மூண்ட கலவரத்திற் கல்கத்தா வீதிகள் பிணக்காடாயின. மறு ஆண்டு லீக் போட்டி நடைபெறவில்லை. 1947 ஆகஸ்டிற் பிரிவினை நேர்ந்தது. 1948 இல் மொகமடன் கழகம் மேலும் ஒருமுறை முதலிடம் பெற்றதெனினும், அதன் வேர்கள் அப்போதே அறுந்திருந்தன. ஆட்டக்காரரைத் தேடிச் சென்ற குவெட்டா அயல்நாடாயிற்று. ஆதரவளித்த தலைவர் பலர் டாக்காவுக்கும் கராச்சிக்கும் சென்றனர்; கழகத்தோடு நெருங்கிய தொடர்பு பூண்டிருந்த கவாஜா நாஜிமுத்தீன் பின்னர் பாகிஸ்தானின் பிரதமரானார். 1936 இல் டாக்காவில் நிறுவப்பட்ட அதே பெயருடைய கழகம், பிரிவினைக்குப் பின் அந்நகரின் தலைசிறந்த கழகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதே பிரிவினை, கிழக்கிலிருந்து அகதிகளாய் வந்த இலட்சக்கணக்கான இந்துக்களின் ஆதரவை ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு ஈட்டிக் கொடுத்தது. தேசப்படத்தில் வரையப்பட்ட கோடு ஒரு கழகத்திடமிருந்து பறித்ததை மற்றொன்றுக்கு வேறு வடிவில் வழங்கிற்று எனலாம்.

எண்கள் இதனை உறுதிப்படுத்தும். 1934 முதல் 1948 வரையான 15 ஆண்டுகளில் மொகமடன் கழகம் 8 முறை லீக் போட்டியை வென்றது. 1949 முதல் 1981 வரையான 33 ஆண்டுகளில் 1957, 1967, 1981 என மூன்று முறையே வென்றது. அதன் ஐந்தாண்டுத் தொடர் வெற்றியை, 1970 முதல் 1975 வரை ஆறு முறை தொடர்ந்து வென்ற ஈஸ்ட் பெங்கால் முறியடித்தது. 1981 இன் பின்னர் 40 ஆண்டுகள் காத்திருந்தே 2021 இல் மொகமடன் கழகம் மீண்டும் லீக் வாகை சூடிற்று. 2024 இல் ஐ-லீக் வெற்றியினால் இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்து, முதற் பருவத்திற் கடைசி இடத்தைப் பெற்றது. இவ்வரலாற்றில் ஆட்டக்காரரின் மனத்தாங்கலுக்கும் நிருவாகிகளின் பூசலுக்கும் ஓரளவு இடமிருக்கலாம். எனினும், முதற் காரணம் அணிக்குள்ளே இருக்கவில்லை. அணிக்கு வெளியே, நாட்டின் எல்லையில் இருந்தது.

கொழும்பிலிருந்து நோக்குமிடத்து

இவ்வரலாறு இலங்கையர்க்கு அந்நியமானதன்று. இந்திய, பாகிஸ்தான் அணிகள் 1952 இற் கொழும்பில் நடைபெற்ற நால்நாட்டுப் போட்டியிற் பங்குகொண்டு கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. கொழும்பின் பழம்பெருங் கழகங்களின் பெயர்களும் சமூகங்களின் பெயர்களே. சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் 1899 இலும், மூர்ஸ் கழகம் 1908 இலும் தோன்றின. எனினும், முத்தையா முரளிதரனை வளர்த்த தமிழ் யூனியனுக்கே ரங்கன ஹேரத்தும் பந்துவீசினார். பெயர் சமூகத்தினதாயினும் ஆட்டம் யாவர்க்கும் உரியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கல்கத்தாவில் அவ்வேடுகள் வளர்ந்த அதே காலப்பகுதியிலேயே கொழும்பில் 'வீரகேசரி' 1930 இலும் 'தினகரன்' 1932 இலும் தோன்றித் தமிழரிடையே நாளிதழ் வாசிக்கும் பழக்கத்தை நிலைபெறச் செய்தன. வாசிக்கும் பழக்கம் வேறு. வாசித்ததை ஆராயும் பழக்கம் வேறு. ஆராயாது ஏற்கப்பட்ட செய்தி என்ன செய்யும் என்பதனைக் கொழும்பு அறியும். 1983 யூலை 29 ஆம் நாள், புலிகள் நகருக்குள் நுழைந்துவிட்டனர் என்ற ஆதாரமற்ற வதந்தி பரவியதும், நான்கு நாட்களாக எரிந்து ஓயத் தொடங்கியிருந்த நகரில் மீண்டும் உயிர்கள் பறிக்கப்பட்டன. உதைபந்தாட்டச் செய்தியை அதனோடு ஒப்பிடுதல் மிகையெனத் தோன்றலாம். ஆயின், மனிதரைச் சமூகமாக மாத்திரம் காணும் பழக்கம் மைதானத்திற் பயிலப்பட்டால், அது மைதானத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு 1946 இன் கல்கத்தாவே சாட்சி.

1995 இற் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை அணி, 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை சர்வதேசச் சம்மேளனத்தின் தடைக்குள்ளாயிற்று. அத்தடையும் ஆட்டக்காரரின் கால்களிலிருந்து வந்ததன்று, நிருவாகத்திலிருந்து வந்ததே. ஆதலின், ஒரு கழகம் சரிகிறது என்ற செய்தி வரும்போது இரசிகர் வினவவேண்டியவை சில உள. சரிவு மெய்யாகவே நிகழ்ந்ததா? ஆட்டக்காரர் எங்கிருந்து வருகின்றனர்? பணம் எங்கிருந்து வருகிறது? விதிகளை வகுப்பவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காணாது உட்பூசலையும் சதியையும் மாத்திரம் பேசுவோர், கல்கத்தாவின் வாசகரைப் போலவே, தம் கையிலுள்ள பத்திரிகையைத் தவிர வேறெதனையும் காணார்.