கடிதத்தில் யாருடைய கையொப்பம்? ஃபிடே பேராளர் பதவியின் நூறாண்டு வரலாறு

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பொதுச்சபையில் ரஷ்யாவுக்கு ஒரு வாக்கு, சான் மரினோவுக்கும் ஒரு வாக்கு. இந்தச் சமத்துவம் நியாயமா என்ற விவாதம் அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாக்குச் சீட்டில் குறியிடுபவர் நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒரு தனிமனிதர். அவரைப் பேராளர் என்கிறோம். அவரை அனுப்பியது யார்? தேசியக் கூட்டமைப்பின் தலைவரா, செயலாளரா, நிர்வாகக் குழுவா, மாநிலச் சங்கங்களா, அல்லது அரசா? ஃபிடேயின் பெரிய நெருக்கடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவந்தபோது, அவற்றில் பல இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டி நிற்பதைக் கண்டேன். இக்கட்டுரை அந்தத் தடத்தைப் பின்தொடர்கிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளையொட்டி அங்கே ஒரு சதுரங்கப் போட்டி நடந்தது. பிரெஞ்சுக் கூட்டமைப்பின் பியர் வின்சென்ட் எடுத்த முயற்சியால், போட்டி முடிந்த ஜூலை 20 அன்று 15 நாடுகளின் சார்பில் வந்திருந்தவர்கள் கூடி ஃபிடேயை நிறுவினார்கள். ஹாலந்தைச் சேர்ந்த வழக்கறிஞர் அலெக்சாண்டர் ரூப் முதல் தலைவரானார். அர்ஜென்டினாவின் சார்பில் கையெழுத்திட்ட ராபர்ட்டோ கிராவ் அதே போட்டியில் ஆட வந்தவர். ஆட்டக்காரரே பேராளர், பேராளரே ஆட்டக்காரர். கப்பலேறிப் பாரிஸ் வரை போகக்கூடியவர் எவரோ அவரே நாட்டின் குரல். இதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. அன்றைய ஃபிடேயிடம் சண்டை போடும் அளவுக்கு ஒன்றும் இல்லை. உலகப் பட்டம் அதன் கையில் இல்லை, பணமும் இல்லை. அதிகாரம் இல்லாத சபைக்கு யார் போனால் என்ன?

1946-ல் பட்டத்தைக் கையில் வைத்திருந்த அலெகைன் இறந்துபோனார். உலக வாகையர் யார் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு ஃபிடேயிடம் வந்து சேர்ந்தது. அதுவரை ஒதுங்கியிருந்த சோவியத் ஒன்றியம் 1947-ல் உறுப்பினரானது. அடுத்த ஆண்டு ஹேக், மாஸ்கோ நகரங்களில் நடந்த போட்டியில் போட்வினிக் பட்டம் வென்றார். பேராளர் என்ற சொல்லின் பொருள் இங்கேதான் முதன்முறையாக மாறியது. சோவியத் பேராளர் தம் சங்கத்தின் கருத்தை எடுத்துச் சென்றவர் அல்லர். விளையாட்டுக் குழு என்ற அரசு அமைப்பின் முடிவை எடுத்துச் சென்றவர். 1950 முதல் 1961 வரை ஃபிடேயின் துணைத்தலைவராக இருந்த ரகோசின் போட்வினிக்கின் பயிற்சித் துணைவர், தாமும் பெரிய ஆட்டக்காரர். ஆனால் சபையில் அவர் பேசியபோது பேசியது அரசு. பிற்காலத்தில் விண்வெளி வீரர் விட்டாலி செவஸ்தியானோவே சோவியத் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். இந்த ஆட்டத்தை அந்த அரசு எவ்வளவு பெரிதாகக் கருதியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதற்கு நேரெதிரான இன்னொரு வகைப் பேராளரை 1975-ல் பார்க்கிறோம். தன் பட்டத்தைக் காக்க கார்ப்போவுடன் ஆடுவதற்கு பாபி ஃபிஷர் சில நிபந்தனைகள் விதித்திருந்தார். பத்து வெற்றி பெறுபவரே வாகையர், டிரா கணக்கில் வராது, ஆட்ட எண்ணிக்கைக்கு வரம்பு கூடாது, ஒன்பதுக்கு ஒன்பது என்று நின்றால் பட்டம் பழைய வாகையரிடமே இருக்கவேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் ஹாலந்தின் பெர்கன் நகரில் சிறப்புக் கூட்டம் கூடியது. அமெரிக்கக் கூட்டமைப்பின் நிர்வாகி, விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எட் எட்மண்ட்சன், ஃபிஷருக்காக வாதாடினார். வரம்பில்லாத ஆட்டத்தைச் சபை ஏற்றது. ஒன்பதுக்கு ஒன்பது என்ற விதியை 35-க்கு 32 என்ற கணக்கில் நிராகரித்தது. ஃபிஷர் ஆட மறுத்தார், பட்டம் ஏப்ரலில் கார்ப்போவுக்குப் போனது. மூன்று வாக்கு வித்தியாசம். அந்த 67 பேரில் எத்தனை பேர் தம் நாட்டுச் சங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள், எத்தனை பேர் கூட்ட அறையில் மனத்தை முடிவுசெய்தவர்கள்? உலகப் பட்டத்தின் போக்கை மாற்றிய வாக்கெடுப்பு என்பதால் இக்கேள்வி எனக்குச் சின்னதாகப் படவில்லை.

1970-ல் தலைவரான மாக்ஸ் ஆய்வே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று அலைந்து புதிய நாடுகளைச் சேர்த்தார். சதுரங்கத்தை உலகெங்கும் கொண்டுபோகும் ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அந்த விரிவின் அரசியல் பலனை அறுவடை செய்தவர் பிலிப்பைன்ஸின் ஃப்ளோரென்சியோ கம்போமனஸ். 1982-ல் லூசெர்னில் ஐஸ்லாந்தின் ஓலாப்சனை அவர் தோற்கடித்தார். ஐரோப்பியர் பலர் இதைச் சிறிய நாடுகளின் வாக்குகளை வாங்கிப் பெற்ற வெற்றி என்று எழுதினார்கள். அந்தக் கணிப்பில் ஒரு மேட்டிமை இருக்கிறது. அதுவரை எவரும் ஏறெடுத்துப் பார்க்காத கூட்டமைப்புகளின் வாசலுக்கு வந்து பேசியவர் கம்போமனஸ். அவர்களிடம் புத்தகம் இல்லை, கடிகாரம் இல்லை, பயிற்சியாளர் இல்லை. கேட்டு வந்தவருக்கு வாக்களித்தது குற்றமாகாது.

ஆனால் இந்த முறை வேறொரு கேட்டுக்கு வழி திறந்துவிட்டதை மறுக்கமுடியாது. பெரிய கூட்டமைப்பு ஒன்றில் பேராளரைத் தேர்வுசெய்யப் பலரின் ஒப்புதல் தேவைப்படும். நாலைந்து பேர் நடத்தும் கூட்டமைப்பில் தலைவரும் செயலாளரும் பேராளரும் ஒருவராகவே இருக்கலாம். அந்த ஒருவரை வசப்படுத்தினால் ஒரு நாடே வசமாகிவிடும். ஆகவே வேட்பாளர்கள் சங்கங்களைத் தேடிப் போவதைக் குறைத்துக்கொண்டு மனிதர்களைத் தேடிப் போனார்கள்.

இந்த வரலாற்றில் நான் அதிகம் நிற்கவேண்டிய இடம் 2010-ம் ஆண்டு மாஸ்கோ. 1995 முதல் ஃபிடே தலைவராக இருந்த கிர்சான் இல்யும்ஷினோவ் 2006-ல் டூரினில் பெஸ்ஸல் கோக்கை 96-க்கு 54 என்று வென்றிருந்தார். 2010 தேர்தலில் அவரை எதிர்த்து அனடோலி கார்ப்போவ் நின்றார். இருவரும் ரஷ்யர்கள். வேட்பாளராக ஒரு தேசியக் கூட்டமைப்பின் முன்மொழிவு வேண்டும். ரஷ்யா யாரை முன்மொழியும்?

ரஷ்யக் கூட்டமைப்பில் இரண்டு அதிகார மையங்கள் இருந்தன. ஒன்று, மேற்பார்வைக் குழு. அதன் தலைவர் அர்க்காடி துவோர்கோவிச், அன்றைய அதிபர் மெத்வதேவின் உதவியாளர். இன்னொன்று, அன்றாட நிர்வாகத்தைக் கவனித்த அலெக்சாண்டர் பாக். துவோர்கோவிச் இல்யும்ஷினோவின் பக்கம், பாக் கார்ப்போவின் பக்கம். மே 14 அன்று கோகோலெவ்ஸ்கி சாலையிலுள்ள மத்தியச் சதுரங்க மன்றத்தில் மேற்பார்வைக் குழு உறுப்பினர்கள் கூடினார்கள். துவோர்கோவிச் வரவில்லை. வந்திருந்தவர்கள் கார்ப்போவை முன்மொழிந்தார்கள். அந்தக் கூட்டமே செல்லாது என்றார் துவோர்கோவிச், ரஷ்யாவின் வேட்பாளர் இல்யும்ஷினோவே என்றார். அடுத்த சில நாட்களில் மன்றத்துக்குள் காவலர்கள் வந்து நிர்வாக அலுவலகத்துக்கு முத்திரை வைத்தார்கள். போட்வினிக்கும் தாலும் பெத்ரோசியானும் நடமாடிய கட்டடம் அது. அங்கே ஓர் அறைக் கதவில் முத்திரை விழுந்த செய்தியை முதலில் வாசித்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒரே நாட்டின் பெயரில் இரண்டு முடிவுகள். எதை ஏற்பது என்று தீர்மானிக்கவேண்டிய ஃபிடேயின் தலைமைப் பதவியில் வேட்பாளர்களுள் ஒருவரே அமர்ந்திருந்தார். இந்த முரணை அன்றைய விதிகள் கண்டுகொள்ளவில்லை. கார்ப்போவ் பிரான்ஸ், ஜெர்மனி போன்ற வேறு கூட்டமைப்புகளின் முன்மொழிவோடு நின்றார். அவரும் சில கூட்டமைப்புகளும் சேர்ந்து, இல்யும்ஷினோவின் முன்மொழிவு செல்லாது என்று லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். தேர்தலுக்குச் சற்று முன்பு அம்மன்றம் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காந்தி-மான்சிஸ்க் நகரில் இல்யும்ஷினோவ் 95-க்கு 55 என்று வென்றார். தேசியக் கூட்டமைப்பின் உள்வீட்டுச் சண்டையை உலக அமைப்பு தீர்க்குமா என்ற கேள்விக்கு 2010 தந்த பதில் தெளிவானது. தீர்க்காது. வந்த கடிதத்தில் எந்தக் கையொப்பத்தை ஏற்பது என்பதை மட்டும் பார்க்கும். அந்தத் தேர்வும் அரசியல் சார்ந்ததாகவே இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் டிராம்சோவில் காஸ்பரோவ் களமிறங்கினார். தேர்தலுக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் அம்பலமாகியிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்தவரும் அப்போது ஃபிடேயின் பொதுச்செயலாளருமான இக்னேஷியஸ் லியோங், தம் வட்டாரத்திலிருந்து 11 வாக்குகளைக் காஸ்பரோவுக்குத் திரட்டித் தருவதாகவும், 5 லட்சம் டாலர் அவருடைய சதுரங்கப் பயிற்சியகத்துக்குப் போவதாகவும் நியூயார்க் டைம்ஸ் 2014 ஜனவரியில் வெளியிட்டது. ஃபிடேயின் ஒழுக்கநெறி ஆணையம் 2015-ல் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்து இரண்டாண்டு தடை விதித்தது. காஸ்பரோவ் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர் எதிர்த்துப் போராடிய நோய் உண்மையானது. ஆனால் அந்த நோயின் மொழியிலேயே அவர் பேசியதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இராது. ஒப்பந்தத்தை உற்றுப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். 11 நாடுகளின் வாக்கை ஒருவர் தருவேன் என்று எழுதிக்கொடுக்கமுடியும் என்றால், அந்த 11 நாடுகளிலும் பேராளரை அனுப்பும் சங்கம் என்று ஒன்று இருப்பதாகவே அதை எழுதியவர்கள் கருதவில்லை.

டிராம்சோவில் ஆப்கானிஸ்தான், காபோன் போன்ற சில நாடுகளின் உண்மையான பேராளர் யார் என்பதிலும் தகராறு எழுந்தது. மாஸ்கோவில் கதவில் விழுந்த முத்திரை இங்கே பெயர்ப்பட்டியலில் விழுந்தது என்று சொல்லலாம். இல்யும்ஷினோவ் 110-க்கு 61 என்று வென்றார். 2015 நவம்பரில் அமெரிக்க நிதித்துறை அவரைத் தடைப்பட்டியலில் சேர்த்தபிறகு அவருடைய காலம் சரிந்தது. 2018-ல் படூமியில் ஜார்ஜியோஸ் மக்ரோபூலோசை 103-க்கு 78 என்று வென்று தலைவரானவர் அர்க்காடி துவோர்கோவிச்.

பேராளரை அனுப்பும் முறையில் இங்கிலாந்தின் நிலைமை வேறு. அங்கே ஃபிடே பேராளர் என்பது தனிப் பதவி. உறுப்புச் சங்கங்களின் பேராயம் கூடி அதற்கு வாக்களிக்கிறது. தலைவர் தம் விருப்பப்படி ஒருவரை அனுப்பிவிட முடியாது. நல்ல ஏற்பாடு. நான் முன்வைக்கும் மாற்றும் ஏறக்குறைய இதுவே: பேராளரின் பெயரைத் தேசியக் கூட்டமைப்பின் பொதுக்குழு தேர்ந்தெடுக்கட்டும், யாருக்கு வாக்களிக்கவேண்டும் என்பதையும் அங்கேயே விவாதித்துப் பதிவு செய்யட்டும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிடே தேர்தலில் வாக்கு இரகசியமானது. பதவியிலிருக்கும் தலைவரின் கோபத்திலிருந்து பேராளரைக் காப்பது அந்த இரகசியம். அதே இரகசியம் அவரை அனுப்பிய சங்கத்தின் கண்காணிப்பிலிருந்தும் அவரைக் காக்கிறது. பொதுக்குழு ஒரு பெயரைச் சொல்லி அனுப்பலாம், திரைக்குப் பின்னால் பேராளர் வேறு பெயருக்குக் குறியிடலாம். எவருக்கும் தெரியப்போவதில்லை.

இந்தியாவின் கதையும் இந்த வரலாற்றுக்குள்தான் வருகிறது. 1951-ல் தோன்றிய அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு 2020-ல் தலைவர் அணி, செயலாளர் அணி என்று பிளந்து நீதிமன்றப் படியேறியது. 2021 ஜனவரியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. மாநிலச் சங்கங்களின் மொத்த வாக்கு 64. தலைவர் பதவிக்கு சஞ்சய் கபூர் 33-க்கு 31 என்று வெங்கட்ராம ராஜாவை வென்றார். செயலாளராக பரத் சிங் சௌகான் 35-க்கு 29 என்று மீண்டும் வந்தார். இரண்டு வாக்கு மாறியிருந்தால் தலைமை மாறியிருக்கும். சௌகானின் தேர்வு தேசிய விளையாட்டு நெறிமுறைகளுக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கில், அவர் பதவியில் தொடர டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூனில் தடை விதித்தது. மாமல்லபுரம் ஒலிம்பியாட் நெருங்கிவிட்டதால், ஆகஸ்ட் 15 வரை அவர் நீடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது.

அந்த அனுமதிக் காலத்துக்குள், ஆகஸ்ட் 7 அன்று, சென்னையில் ஃபிடேயின் பொதுச்சபை கூடியது. உக்ரைன் போர் தொடங்கி ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. தலைவர் தேர்தலில் துவோர்கோவிச்சை உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் ஆந்திரி பரிஷ்போலெட்ஸ் எதிர்த்து நின்றார். 157-க்கு 16 என்று துவோர்கோவிச் வென்றார், அவருடைய அணியில் துணைத்தலைவராக விஸ்வநாதன் ஆனந்த் தேர்வானார். நம் ஊரில் பலருக்கு அது ஆனந்துக்குக் கிடைத்த பெருமையாக மட்டுமே தெரிந்தது, அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் சென்னையில் விழுந்த அந்த 157 சீட்டுகளில் எத்தனை, ஒரு பொதுக்குழு கூடி விவாதித்து அனுப்பிய வாக்குகள் என்பதை எண்ணிச் சொல்ல ஃபிடேயிடம் எந்தப் பதிவேடும் கிடையாது.