கரு தங்காவிட்டால் மனைவியை மட்டும் குறை சொல்லலாமா?

கிளிவெட்டியில் என் உறவுப் பெண்ணொருத்திக்கு மூன்றாம் முறையும் கரு கலைந்தபோது, "அவளுக்குப் பிள்ளை தங்காதாம்" என்று ஊர் பேசியது. கணவனைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

மனித உயிரணுவில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வருபவை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு, இந்த எண்ணிக்கை கூடுவதோ குறைவதோதான் காரணம். பெரும்பாலும் அது தற்செயலானது. தாயின் வயது 35ஐத் தாண்டும்போது கூடுகிறது.

திரும்பத் திரும்பக் கரு கலையும் 100 தம்பதியரில் 2 முதல் 5 தம்பதியரில், கணவனிடமோ மனைவியிடமோ ஒரு நிறமூர்த்தத்தின் துண்டு இடம்மாறி இன்னொன்றில் ஒட்டியிருக்கும். அவருக்கு எந்த நோயும் தெரியாது. ஆனால் அவரது விந்திலோ முட்டையிலோ அந்தத் துண்டு கூடியோ குறைந்தோ போகலாம்.

இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்தால் இது தெரிந்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் 1983 முதல் மனித மரபியல் பிரிவு இயங்குகிறது. இந்த இடமாற்றம் உள்ள பலருக்கும் பின்னர் நலமான பிள்ளை பிறக்கிறது.

இரண்டு முறை கலைந்தாலே வைத்தியரிடம் போங்கள், இருவருமாகப் போங்கள்.