எட்டு டாலர் நாற்பது சென்ட்

மலர்க் குழுவினர் "சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். நாம் வகுப்பில் படித்த அமெரிக்க வரலாற்றில் லிங்கன் உண்டு, உள்நாட்டுப் போர் உண்டு. சந்தா கட்டியே ஆஸ்பத்திரி எழுப்பிய பருத்திக் கூலிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆகவே அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சகோதர நல உதவிச் சங்கங்கள் என்று ஒரு வகை. சந்தா கட்டினால் நோய்க்கு உதவித்தொகை, இறந்தால் அடக்கச் செலவு. கூடவே ரகசியச் சடங்கு, அங்கி, பட்டம், ஊர்வலம் என்று அமர்க்களமும் உண்டு. அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் பிறர் நிலத்தில் பருத்தி எடுத்தவன் ராத்திரி கிளைக் கூட்டத்தில் பட்டத்தோடு அழைக்கப்பட்டான் என்றால், அது சின்ன விஷயமா?

அப்படிப்பட்ட கறுப்பின மக்களின் சங்கங்களில் ஒன்று, 'தாபோர் வீரர்களும் புதல்வியரும்'. 1872-இல் மிசௌரி மாநிலத்தில் மோசஸ் டிக்சன் என்ற பாதிரியார் தொடங்கியது. தெற்கே மிசிசிப்பியில் அதன் தலைவராக இருந்தவர் பெரி ஸ்மித். அங்கே வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் கறுப்பருக்குத் தனி வாசல். சில இடங்களில் நிலவறை வார்டு. நமக்கென்று ஒன்று கட்டுவோம் என்று கிளம்பினார் ஸ்மித். சில ஆண்டுகள் காசு சேர்த்து, 1942-இல் மவுண்ட் பேயூ என்ற சிற்றூரில் தாபோரியன் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அந்த ஊரே, அடிமைகளாக இருந்தவர்கள் 1887-இல் உண்டாக்கியது.

42 படுக்கைகள், இரண்டு ஆபரேஷன் தியேட்டர், எக்ஸ்-ரே, ரத்த வங்கி. டாக்டரும் நர்ஸும் கறுப்பினத்தவரே. பெரியவருக்கு வருஷச் சந்தா 8 டாலர் 40 சென்ட். அதற்கு 31 நாள் ஆஸ்பத்திரி வாசம், ஆபரேஷன் உட்பட. இறந்தால் 200 டாலர். குழந்தைக்குச் சந்தா 1 டாலர் 20 சென்ட்தான். தர்ம ஆஸ்பத்திரி என்று இதை எண்ணிவிடக் கூடாது. உள்ளே படுத்தவன் முன்வாசல் வழியாக, தன் பாத்தியதையில் வந்தவன்.

சண்டையும் வந்தது; சங்கமென்றால் வராமலா! முதல் தலைமை சர்ஜன் டி.ஆர்.எம். ஹோவர்ட் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் ஆரம்பித்து, 1948-இல் அதே ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரி திறந்தார். இதில் நோயாளிகளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றே சொல்வேன்.

பிறகு பருத்தி எடுக்க மெஷின் வந்தது. வேலை போன ஜனங்கள் சிகாகோவுக்கு ரயிலேறினார்கள். சந்தா கட்ட ஆள் குறைந்தது. 1960-களில் சட்டம் மாறி மற்ற ஆஸ்பத்திரிகளின் கதவும் திறந்தது. முதியோருக்கு அரசாங்க மருத்துவக் காப்பீடும் வந்தது. அது வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் 1967-இல் மத்திய அரசின் பணத்தில் தாபோரியன் பெயர் மாறியபோது, அதுவரை கிளைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த சந்தாதாரர், வெறும் நோயாளியானார்.

ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போய், பின்னாளில் ஓட்டுரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் 1977-இல் கண்மூடியது அந்த ஆஸ்பத்திரியில்தான். 1983-இல் அதை மூடினார்கள்.